மூன்றாவது சாவி

சாவியக்கா யாரையும் சட்டென்று நம்பியதே இல்லை. காய்கறி வாங்கப் போனால் எல்லாரையும் போல முள்ளைப் பார்க்க மாட்டாள். குனிந்து தராசுத் தட்டுக்கு அடியில் பார்ப்பாள். பேருந்து ஓட்டும் கணவர் வீடு வரத் தாமதமானால் எந்தத் திருப்பத்தில் நெரிசல் என்று கேட்டு வைத்துக்கொள்வாள். மறுநாள் அதே தடத்தில் ஓட்டும் இன்னொரு டிரைவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தும் விடுவாள். அவர் இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. "நான் ஒரு பொய் சொல்லணும்னா டெப்போவுக்கே சொல்லிக் கொடுத்துட்டு வரணும்" என்று சிரிப்பார்.

இந்தக் குணம் தொழிலுக்கு வாகாக அமைந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் ஒரு கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தாள். சிப் வைத்த கார் சாவிகளுக்குப் புது சாவி பதிந்து கொடுக்கும் கருவி ஒன்றை அந்த முதலாளி ஆசை ஆசையாக வாங்கி, கொஞ்ச நாள் முட்டி மோதிவிட்டு மூலையில் போட்டுவிட்டார். வேலையில்லாத மத்தியானங்களில் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தவள் இவள்தான். முதலாளியின் காரையே ஒரு முறை ஸ்டார்ட் ஆகாமல் படுக்க வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு அதே காருக்குச் சாவி போட்டுக் கொடுத்து நல்ல பேர் எடுத்தாள். வருஷங்கள் கழித்து மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான அறையைப் பிடித்துத் தனியாகக் கடை போட்டாள். கை இரண்டையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு சுவர் முழுக்க வெட்டப்படாத சாவிகள், இன்னொரு சுவரில் பூட்டுகள். வாசலை ஒட்டிய மேசையில் சாவி வெட்டும் மெஷின். அவளுடைய சொந்தப் பெயரை அந்தத் தெருவில் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சாவியக்கா என்றால்தான் தெரியும்.

கூட இருந்தது தம்பி. அவன் வெளி வேலைகளுக்கு. காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டவர்கள், கதவு தானாகச் சாத்திக்கொள்ள வாசலில் நிற்பவர்கள், பழைய பூட்டை மாற்ற நினைப்பவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் பையில் சின்ன மெஷினைப் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவான். அக்காவுக்கு நேர் எதிர். யார் வந்தாலும் அண்ணன், யார் கூப்பிட்டாலும் அம்மா. போன வீட்டில் பூட்டை மாற்றிவிட்டு, ஆடுகிற நாற்காலிக்கும் ஒரு ஸ்க்ரூ போட்டுக் கொடுத்துவிட்டு வருவான். "எல்லாரையும் திருடன்னு பார்த்தா வேலை செய்ய கை வராதுக்கா" என்பான். யாரையும் திருடன் என்று தான் சொல்லவில்லை, இல்லை என்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்பது அவளுடைய பதில்.

கார் சாவி விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். வண்டி கடை வாசலுக்கு வர வேண்டும், வண்டியின் பேப்பரும் ஆளின் அடையாள அட்டையும் வர வேண்டும், இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். ஒரு நாள் கதர்ச் சட்டையும் தங்க ஃப்ரேம் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் கூடுதல் சாவி வேண்டும் என்று வந்தார். சாம்பல் நிறக் கார். இடது பக்கக் கண்ணாடி உடைந்து செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. பேப்பர் வீட்டில் இருக்கிறது என்றார். போய் எடுத்துவரச் சொல்லிவிட்டாள். முகம் சுளிக்காமல் போய் எடுத்துவந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் நம்பரைப் பேப்பரோடு ஒப்பிட்டாள். அதற்கும் திறந்தார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா ஊர்ல திருட்டே இருக்காதும்மா" என்று பாராட்டினார். கருவி காரின் ரகசியக் குறியீட்டைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கதவுச் சாவியை எடுத்து மேசையில் வைத்து, இதிலும் ஒன்று போட்டுவிடும்படி சொன்னார். கருவித் திரையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே அதையும் வெட்டிக் கொடுத்தாள். அவர் போன பிறகுகூட அந்தக் கார் யாருடையதோ என்று கொஞ்ச நேரம் மனசு அரித்தது.

கார் பெரியவர் வந்துபோய்க் கொஞ்ச நாளில், ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் அம்மா கடைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தனியாக ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தார். அதற்கு முன்பே தம்பியைக் கூப்பிட்டுக் கதவுப் பூட்டை மாற்றியிருந்தார். வந்தவர் உட்காரவில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"நீங்க பூட்டு போட்டுக் கொடுக்கிறப்ப, சாவியில ஒண்ணு உங்ககிட்ட வச்சுப்பீங்களாம்மா?"

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரையே சந்தேகப்பட்டுப் பழகியவளுக்கு, யாரோ தன்னைச் சந்தேகப்படுவது புதுசு. இரண்டே சாவி, அதுவும் கம்பெனி கவரோடு வந்தது, பிரிக்காமல் கொடுத்தோம் என்றாள். அந்த அம்மா தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேலைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கிறது. வாசலைப் பார்த்தபடி விட்டுப் போன செருப்பு சுவரைப் பார்த்து இருக்கிறது. தலையணை கால்மாட்டுக்குப் போயிருக்கிறது. சுவர்க் கடிகாரம் திடீரென்று நேரம் பிந்திக் காட்டுகிறது. அதனால் ஒரு நாள் வேலைக்கே தாமதமாகிவிட்டது. காணாமல் போனது என்று ஒரு துரும்புகூட இல்லை. காவல் நிலையத்தில் சொன்னால், என்ன போச்சு என்று கேட்கிறார்கள். ஒன்றும் போகவில்லை என்றால், பிறகு எதற்கு வந்தீர்கள் என்கிறார்கள். பழைய பூட்டுக்கு ஊரில் எத்தனை சாவி இருக்கிறதோ என்றுதான் மாற்றினார். மாற்றிய பிறகு கொஞ்ச நாள் நிம்மதி. மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

தூங்குவதற்கு மாத்திரை போட ஆரம்பித்துவிட்டதாகவும், நான்தான் மாற்றி வைத்துவிட்டு மறந்துபோகிறேனோ என்று பயமாக இருப்பதாகவும் அவர் சொன்னபோது குரல் இறங்கிப்போனது.

உண்மையைச் சொன்னால் சாவியக்காவின் முதல் சந்தேகம் அந்த அம்மாவின் மேலேயே போயிற்று. தனியாக இருக்கிறவர், மாத்திரை வேறு. ஆனாலும் தன் கடையில் வாங்கிய பூட்டு. தம்பியை அனுப்பாமல் தானே கிளம்பிப் போனாள்.

கீழ் வீட்டில் ஓனர் குடும்பம். ஓனர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். சாயங்காலமானால் மாடிக்கு வந்து அந்த அம்மாவோடு காபி குடித்துவிட்டுப் போகிற பழக்கமாம். அந்த அம்மா படியேறி உள்ளே போனதும், சாவியக்காவின் காதோடு, "பாவம், தனி ஆளு. மனசு அப்படித்தான் ஏதாவது கற்பனை பண்ணும். நீங்க ஒண்ணும் பெரிசா எடுத்துக்காதீங்க" என்றார். சாவியக்கா கேட்டுக்கொண்டு படியேறினாள். கேட்காமல் வருகிற இரக்கத்தை அவள் எப்போதுமே தராசுக்கு அடியில் பார்ப்பாள்.

பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் உருளையைப் பிரித்து, வெள்ளைத் துணியின் மேல் தட்டினாள். அதற்குள் சாவியின் பற்களுக்கு ஏற்ப ஏறி இறங்கும் குட்டிக் குட்டிப் பித்தளை ஊசிகள் இருக்கும். ஊசிகளோடு சேர்ந்து மஞ்சளாகக் கொஞ்சம் தூளும் உதிர்ந்தது. விரல் நுனியில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பித்தளைத் தூள். அந்த அம்மாவின் சாவிகள் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். ஒன்று கைப்பையிலேயே இருப்பது, இன்னொன்று சமையலறை இழுப்பறையில் கிடப்பது. இரண்டும் கம்பெனிச் சாவி, வழவழவென்று இருந்தன. இவற்றிலிருந்து தூள் உதிர வழியில்லை. கடையில் புதிதாக வெட்டி, பிசிறைச் சரியாகத் தேய்க்காத சாவிதான் இப்படித் தூள் விடும்.

"அம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லை. மூணாவதா ஒரு சாவி இருக்கு" என்றாள்.

அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் பயம் வரும் என்று பார்த்தால், அழுகைதான் வந்தது. யாரோ வீட்டுக்குள் வந்துபோகிறார்கள் என்பதைவிட, தனக்குப் புத்தி பிசகவில்லை என்பது அவருக்குப் பெரிதாக இருந்தது.

சாவியக்கா அந்த இடத்திலேயே ஒரு வேலை செய்தாள். ஊசிகளை மாற்றி அடுக்கி, புதுசாக ஒரு சாவி போட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். பழைய சாவியைப் போட்டால் உள்ளே போகும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். திரும்பியதும் ஒரு ஊசி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கதவும் திறக்காது, சாவியும் வெளியே வராது. இழுப்பறைச் சாவியை இருந்த இடத்திலேயே போடச் சொன்னாள். கீழே யார் கேட்டாலும், எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்லச் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே போன் வந்தது. சாவி கதவில் தொங்குகிறது என்றார் அந்த அம்மா, கிசுகிசுப்பான குரலில்.

போய்ப் பார்த்தாள். மாடிக் கதவில் ஒரு பித்தளைச் சாவி, முழுசாக உள்ளே போய், சாய்வாகத் திரும்பி நின்றது. இழுத்து இழுத்துப் பார்த்ததில் சாவியின் கழுத்து லேசாக வளைந்திருந்தது. ஊசியை விடுவித்து அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சாவியின் தலையில் முக்கோணமாக மூன்று துளை. அந்த வட்டாரத்தில் அந்த மாதிரிச் சாவிகளை வரவழைத்து விற்பது அவள் கடை ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பிதான் கண் முன்னால் வந்தான். இந்தப் பூட்டைப் பொருத்தியது அவன். இந்த வீட்டுக் காபியைப் புகழ்ந்தது அவன். சில மாதங்களாக அவன் நடப்பும் சரியில்லை. போன் வந்தால் எழுந்து மருந்துக் கடைப் பக்கம் போய்ப் பேசுகிறான். வெளி வேலை முடிந்தும் நேரே கடைக்கு வருவதில்லை. எங்கே போனாய் என்றால் சும்மா என்கிறான். இதையெல்லாம் அவள் ஏற்கெனவே கவனித்து உள்ளே போட்டு வைத்திருந்தாள். இப்போது ஒன்றோடு ஒன்று பொருந்திக்கொண்டன, சாவிக்குப் பூட்டு மாதிரி.

தம்பி கடையில் ஒரு பைக் பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் சாவியை வைத்தாள்.

"இதை யாருக்குப் போட்டுக் கொடுத்தே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். எந்தச் சாவி, எந்த வீடு என்று கேட்டான். சொன்னாள். தான் போடவில்லை என்றான். அப்படியானால் அந்தப் போன் பேச்செல்லாம் யாரோடு, சாயங்காலம் எங்கே போகிறாய், அந்த வீட்டுக்குப் போனாயா என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டாள். குரல் உயரவில்லை. உயராத குரலில்தான் அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். பக்கத்துத் தையல் கடையில் மெஷின் சத்தம் நின்றுபோனது.

தம்பியின் முகம் சுண்டிவிட்டது. கையில் இருந்ததைக் கீழே வைத்தான்.

"ஒரு கார் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சாவி வேலைக்கு ஆள் கேட்டாங்க. போய்ப் பேசிட்டு வந்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சுத்திக்கிட்டு இருந்தேன். அதுக்கு இந்தப் பேரா அக்கா?"

ஆனாலும் அவள் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்யவில்லை. வேலை தேடியதும் உண்மையாக இருக்கலாம், சாவி போட்டதும் உண்மையாக இருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

தம்பி அந்தச் சாவியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்து, அவளுடைய கட்டைவிரல் நகத்தைச் சாவியின் பள்ளத்தில் வைத்துத் தேய்த்தான்.

"படுதா?"

பட்டது. மயிரிழை மாதிரி ஒரு கோடு. மேசை மெஷினின் வெட்டும் சக்கரத்தில் ஒரு பல் ஓரம் உடைந்திருந்தது. மாற்ற வேண்டும் என்று அவளே பல தடவை சொல்லித் தள்ளிப்போட்டிருந்தாள். அதில் வெட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் இந்தக் கோடு விழும். தம்பியின் பை மெஷினில் விழாது. மேசை மெஷினில் வேறு யாரையும் கை வைக்க அவள் விட்டதில்லை, தம்பியையும் சேர்த்து.

சாவியக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாருக்குப் போட்டேன், யாருக்குப் போட்டேன் என்று யோசித்தாள். கார் சாவிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் முகம், பெயர், வண்டியோடு சொல்வாள். கதவுச் சாவிக்கு வந்தவர்களில் ஒரு முகம்கூட வரவில்லை. கதவுச் சாவிக்கு அவள் யாரிடமும் எதுவும் கேட்டதே இல்லை. வீட்டுச் சாவியை வைத்திருப்பவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்று, உலகத்தையே சந்தேகித்தவள் இதை மட்டும் நம்பியிருக்கிறாள்.

அந்த வீட்டிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று தம்பி பைக்கை எடுத்தான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அந்த வீட்டு வாசலுக்குப் போனபோது, முன்பு காலியாக இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கார் நின்றது. இடது பக்கக் கண்ணாடியில் செம்புக் கம்பி.

ஓனர் கதவைத் திறந்தார். அதே தங்க ஃப்ரேம் கண்ணாடி. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "வாங்கம்மா" என்று வாய் நிறையச் சொன்னார். அவள் உள்ளங்கையில் வளைந்த சாவியைப் பார்த்ததும் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குள் மாடியிலிருந்து அந்த அம்மா இறங்கி வந்து தம்பிக்குப் பின்னால் நின்றார்.

ஓனர் முதலில் கொஞ்சம் பூசி மெழுகினார். தன் வீடு, தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போயிருப்போம் என்றார். குழாய் பார்க்கப் போனவர்கள் கடிகார முள்ளை ஏன் திருப்பினார்கள் என்று சாவியக்கா கேட்டாள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். காபி குடிக்கப் போன ஒரு சாயங்காலம் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்ததும், மறுநாள் அது பழையபடி அங்கே போனதும், அந்த அம்மா வேலைக்குப் போன பிறகு ஏறிப்போய் ஒவ்வொன்றாக மாற்றி வைத்ததும் எல்லாம் மனைவியின் வாயாலேயே வந்தது. பூட்டு மாற்றுவதற்கு முன்பு அவர்களிடமிருந்த பழைய சாவியே போதுமானதாக இருந்ததாம்.

எதற்காக என்று அந்த அம்மா கேட்டார். மகள் குடும்பத்தோடு வந்துவிடப் போகிறாள், மாடி வேண்டும், அதற்காகத்தான் என்றார் ஓனர்.

"இத்தனை வருஷமா இருக்கிறவங்களை வாய்விட்டு எப்படிக் காலி பண்ணச் சொல்றது? உங்களுக்கே இங்க இருக்கப் பிடிக்காம போகட்டும்னு..."

"கேட்டிருந்தா ஒரு மாசத்துல போயிருப்பேன் சார்" என்றார் அந்த அம்மா. "இப்ப நான் மெதுவாத்தான் வீடு பார்ப்பேன்."

அந்த அம்மா படியேறிப் போனார். மேலே கதவு சாத்தும் சத்தமும், பூட்டு விழும் சத்தமும் கீழே வரைக்கும் கேட்டது. சொன்னபடி அவர் நிதானமாகத்தான் வீடு பார்த்தார். ஒப்பந்தம் முடிகிற கடைசி நாள் வரை அங்கேயே இருந்தார். கீழ் வீட்டம்மா படியில் எதிர்ப்பட்டால் நல்லாயிருக்கீங்களா என்று கேட்டுவிட்டுக் கடந்து போவாராம். அது அவர்களுக்கு வசவைவிட வலித்திருக்க வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டதாகவும் பிறகு ஒரு நாள் போனில் சொன்னார்.

தம்பி மறுநாளும் வழக்கம்போலக் கடைக்கு வந்தான். ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வெளியே போய் எந்தச் சாவி வெட்டினாலும், திரும்பி வந்ததும் யாருக்கு, எந்த வீடு, எத்தனை சாவி என்று கேட்காமலேயே ஒப்பித்தான். போன் வந்தால் அவள் முன்னாலேயே, அவளுக்குக் கேட்கிற மாதிரி பேசினான். கிண்டலுக்குச் செய்தால் திட்டிவிடலாம். அவன் கிண்டலுக்குச் செய்யவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. சாப்பாடு இறங்காமல் இரண்டு மூன்று நாள் தட்டை அளைந்துகொண்டிருந்தவளைக் கணவர் பார்த்தார்.

"நீ என்னைச் சந்தேகப்பட்டா நான் சிரிச்சுடுவேன். அவன் உன் கையைப் பிடிச்சு வளர்ந்தவன். அவனுக்குச் சிரிக்கத் தெரியலை" என்றார். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார்.

அதன் பிறகு கடையில் கதவுச் சாவிக்கும் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எந்த வீடு, சொந்த வீடா, வாடகையா, கூட யார் இருக்கிறார்கள் என்று. ஒரு சாவிக்கு இவ்வளவு விசாரணையா என்று பலர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டாள். மெஷினின் சக்கரத்தை மட்டும் கடைசி வரை மாற்றவில்லை. தன் கடைச் சாவி எங்கே போனாலும் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க அந்தக் கோடு இருக்கட்டும் என்றாள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து தம்பிக்கு வேலை உறுதியாகி வந்தபோது அதை முதலில் அவளிடம்தான் சொன்னான். போ என்றாள். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். பை மெஷினையும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். கடைசி நாள் சாயங்காலம் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு இருவரும் வாசலில் நின்றார்கள். பைக்கில் ஏறி உட்கார்ந்தவன் கிளப்பாமல் அவளைப் பார்த்தான்.

"இப்பவாவது என்னை நம்புறியாக்கா?"

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லித் தோளைத் தட்டி அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு அப்படிப் பொய் சொல்ல வராது.

"நம்பணும்னுதான் பார்க்கிறேன்டா" என்றாள்.

அந்தச் சண்டைக்கு அப்புறம் முதல் தடவையாகத் தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.